மனை வாங்குவார் கூறும் அறிவுரைகள்

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இம்மூன்றனுள் உறையுளுக்குரிய மனையானது, குடியிருத்தற்கு மட்டுமேயன்றி, வாங்கிச் சிலகாலம் வைத்திருந்து மிகுவிலைக்கு விற்றற்குரிய வாணிகப் பொருளாகவும் இந்நாளில் நம் நாட்டில் மதிக்கப்படுகின்றது. இரயில் வண்டியிலும், தேநீர்க் கடையிலும், திருமணப் பந்தியிலும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் ஆலய முற்றத்து வேப்பமர நிழலிலும் இருவர் கூடி நலம் வினவியபின் எழும் அடுத்த வினா, "அந்தப் பக்கம் சென்ட் என்ன விலைக்குப் போகிறது?" என்பதாகவே இருக்கின்றது. வினவுவாரும் விடை கூறுவாரும் பெரும்பாலும் பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வுபெற்ற ஆசிரியர், வளைகுடா நாட்டில் உழைத்து மீண்டவர், சிறுகடை நடத்துவார், மகள் திருமணத்துக்கென்று பொருள் சேர்ப்பார் ஆகிய இத்திறத்தாரே மிகுதி. ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளை ஒரே நாளில் ஒரு துண்டு நிலத்தில் இடுவார் இவர். ஆதலின், இவர் தம்முள் வழங்கும் அறிவுரைகளுள் எவை உறுதியுடையன, எவை வெறும் பேச்சு என்பதை ஆராய்தல் நலமெனக் கருதி இதனை எழுதப் புகுந்தோம்.

தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று நகைப்பாரும் உளர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பயின்றார் அங்ஙனம் நகையார். நிலம் விற்றார் இன்னார், கொண்டார் இன்னார், நிலத்தின் நாற்பாலெல்லை இவை, பரப்பு இத்துணை, விலைப்பொருள் இவ்வளவு, அறிந்து கையெழுத்திட்டார் இன்னார் என்று கல்லில் வெட்டிவைத்த விலையாவணங்கள் பல உள. திருமறையில் ஆதியாகமத்தின் 23-ஆம் அதிகாரத்தை நோக்கினும் இதுவே காண்கின்றோம். ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம்பண்ணுதற்கு மக்பேலா என்னும் குகையைக் கேட்டபோது, அதற்குடையவனாகிய எப்பெரோன் நிலத்தையும் குகையையும் விலையின்றியே தருவதாகச் சொன்னான். ஆபிரகாம் அதற்கு இசையாது, 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, ஊர்வாயிலில் கூடியிருந்தார் அனைவரும் அறிய, வயலும் குகையும் எல்லைக்குட்பட்ட மரங்களும் அடங்க உறுதி செய்துகொண்டான். விலையைப் பற்றி அவன் ஒரு சொல்லும் வாதாடவில்லை. உரிமையைப் பற்றி ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நம் நாட்டு மனைப்பேச்சோ இதற்கு நேர்மாறாக, விலையைப் பற்றி ஒரு நாழிகையும் உரிமையைப் பற்றி ஒரு நொடியுமாக நடக்கின்றது. விலை நாளை ஏறுமா இறங்குமா என்பதை இன்று எவராலும் சோதித்தறிய இயலாது. உரிமை உண்டா இல்லையா என்பதையோ இன்றே பெரும்பாலும் சோதித்தறியலாம். அறியக்கூடியதை விட்டு அறியக்கூடாததைப் பேசுவதே இம்மன்றத்தாரின் பெருங்குறை.

முதலில் விலைப்பேச்சைச் சுருங்க நோக்குவோம். "மண்ணில் போட்ட காசு வீண்போகாது" என்பது இவர்தம் முதல் அறிவுரை. "பத்து ஆண்டில் இரட்டித்துவிட்டது" என்பது அதற்கு அவர் காட்டும் சான்று. இரட்டித்தது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பார் இலர்; யாம் கணக்கிட்டுப் பார்த்தோம். சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்தும் மனையைக் கிரவுண்டு என்னும் அளவையாற் கூறுவர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. பிற மாவட்டங்களில் சென்ட் என்பது வழக்கு; 100 சென்ட் கொண்டது ஓர் ஏக்கர், ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஆகவே ஒரு கிரவுண்டை ஏறத்தாழ ஐந்தரை சென்ட் எனக் கொள்ளலாம். ஒருவர் சதுர அடி 1,000 ரூபாய் வீதம் ஒரு கிரவுண்டு வாங்கினார் என வைத்துக்கொள்வோம். விலை 24 இலட்சம். தமிழ்நாட்டில் 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை, சொத்து மாற்றத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவை கூடி நூற்றுக்கு 9 ஆகும்; அவ்வகையில் 2,16,000 ரூபாய். தரகர்க்கு நூற்றுக்கு 2 எனக் கொண்டால் 48,000 ரூபாய். ஆகவே அவர் கையை விட்டு நீங்கியது 26,64,000 ரூபாய். பத்தாண்டு கழித்து 48 இலட்சத்திற்கு விற்று, அதிலும் தரகர்க்கு நூற்றுக்கு 2 கொடுத்தால் கையில் நிற்பது 47,04,000 ரூபாய். கூட்டுவட்டியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 6 ரூபாயைக்கூட எட்டவில்லை. முள்வேலி போட்ட செலவும், புதர் வெட்டிய கூலியும், வருமானவரியும் இக்கணக்கிற் சேரவில்லை. அவ்வெற்றுமனை அப்பத்தாண்டில் ஒரு காசு வாடகையும் தரவில்லை. "இரட்டித்தது" என்று மீசையை முறுக்குவார் இக்கணக்கைக் கேட்டால் சினங்கொள்வர்.

விலை பன்மடங்கு ஏறிய இடங்கள் இல்லையோ எனின், உள. தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டபின், பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய ஊர்களில் முன்னரே நிலம் வைத்திருந்தார் சிலர் பெருஞ்செல்வராயினர். இவர் கதையே ஆயிரம் வாயில் வழங்குகின்றது. ஏறிய மனையின் கதை ஊரெங்கும் நடக்கும். ஏறாத மனையின் கதை வீட்டைவிட்டு வெளியே வராது. ஆதலின் ஒருவர் செவியில் விழும் கதைகளைக் கொண்டு நிலத்தின் விலைப்போக்கை மதிப்பிடுதல், பரிசுச்சீட்டில் வென்றாரை மட்டும் எண்ணிப் பரிசுச்சீட்டை மதிப்பிடுதல் போல்வதாகும்.

அறிவுரை கூறுவார் யார் என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். தரகர் விற்பனை முடிந்தாலன்றிக் கூலி பெறார். அவர் சொல்லின் எடையை யாவரும் ஒருவாறு அறிவர். அவரினும் கருதத்தக்கவர் ஒருவர் உளர். அவர் அவ்விடத்தில் முன்னரே மனை வாங்கியவர். நண்பராகவோ உறவினராகவோ இருப்பவர். அவர் பொய் கூறுவாரல்லர். தாம் வாங்கிய இடம் நல்ல இடம் என்று தாமே நம்பவேண்டிய நிலையில் இருப்பவர். அடுத்த மனையை நீங்கள் வாங்கினால் அவர்தம் நம்பிக்கைக்கு மற்றொரு சான்று கிடைக்கின்றது. விலையும் ஒருபடி ஏறுகின்றது. இதனையறிந்தே மனை விற்பார், முன்னர் வாங்கினாரைக் கொண்டு புதியவரை அழைக்கின்றனர். வண்டி வைத்து, மதிய உணவும் அளித்து, மனையிடத்தைக் காட்டுகின்றனர். "பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்பது விளம்பரங்களில் தவறாது வரும் தொடர். எந்த வண்டியில், எந்த வேகத்தில், எந்த நேரத்தில் என்பதை எவ்விளம்பரமும் கூறக் கண்டிலோம்.

நம்பிக்கையை நம்பிக்கையால் வளர்க்கும் இம்முறை எத்துணைப் பெரிதாக வளரக்கூடும் என்பதற்குப் பி.ஏ.சி.எல். என்னும் நிறுவனத்தின் செய்தி சான்றாகும். விவசாய நிலம் வாங்கித் தருவதாகக் கூறி, நாடெங்கும் முகவர்களை வைத்து, ஐந்து கோடிக்கு மேற்பட்ட மக்களிடமிருந்து அந்நிறுவனம் ஏறத்தாழ 49,100 கோடி ரூபாய் திரட்டியிருந்தது. அத்தொகையைத் திருப்பித் தருமாறு பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபி 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆணையிட்டது. பின்னர் 2016-இல், அதன் சொத்துக்களை விற்றுப் பணம் கொடுத்தற்கென்று உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி முன்னாள் தலைமை நீதிபதி லோதா அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பெற்றது. இத்தகைய திட்டங்களில் பணங்கட்டுவார் பலர். தம் நிலம் எந்த ஊரில், எந்தச் சர்வே எண்ணில் உள்ளது என்று கேட்பார் சிலர்.

இனி உரிமைக்கு வருவோம். இதுவே விரித்துரைக்கத்தக்கது.

"பத்திரம் பதிவாகிவிட்டது, இனி என்ன பயம்?" என்பது பரவலான பேச்சு. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி, 100 ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான மதிப்புடைய அசையாச் சொத்தைப் பதிவுசெய்த ஆவணத்தாலன்றி விற்றலாகாது. ஆகவே பதிவு இன்றியமையாதது. எனினும் பதிவானது, விற்றவரிடத்து இல்லாத உரிமையைப் படைத்துக் கொடுப்பதன்று. இன்னார் இன்னார்க்கு இந்நாளில் இவ்வாறு எழுதிக் கொடுத்தார் என்பதற்கே அது சான்று. எழுதிக் கொடுத்தற்கு அவர்க்கு உரிமை இருந்ததா என்பது வேறு வினா. அண்டை வீட்டுக்காரர் நம் வீட்டை மூன்றாமவர்க்கு எழுதிக்கொடுத்து அஃது எவ்வாறோ பதிவாகிவிட்டால், அதனால் நம் வீடு அவர்க்குப் போய்விடுமா? போகாது. இதனை இத்துணை எளிதாகச் சொன்னால் உணர்வார், தாம் வாங்கும்போது மட்டும் மறந்துவிடுகின்றனர்.

ஆகவேதான் தாய்ப்பத்திரம் என்பதனைக் கேட்கின்றோம். விற்பவர்க்கு நிலம் எங்ஙனம் வந்தது, அவர்க்கு விற்றவர்க்கு எங்ஙனம் வந்தது என்று பின்னோக்கிச் செல்லும் சங்கிலி அது. முப்பது ஆண்டுக்குக் குறையாமற் பார்க்க வேண்டும் என்பது வக்கீல்களின் வழக்கு. இச்சங்கிலியில் பெரும்பாலும் அறுந்திருக்கும் கண்ணி, ஒருவர் இறந்து சொத்து மக்கட்கு வந்த இடமாகும். மூத்த மகன் ஒருவனே கையெழுத்திட்டு விற்றிருப்பான். "தங்கைமாரெல்லாம் கலியாணமாகிப் போய்விட்டார்கள்" என்பது அதற்கு அவன் கூறும் விளக்கம். கலியாணமாகிப் போனவர் உரிமையற்றுப் போனவர் அல்லர். கிறிஸ்தவர்க்குரிய 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகன் மகள் என்ற வேற்றுமை பாராட்டவில்லை. இந்துக்களின் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்பாலே பங்குண்டு என்னும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டிலும், இந்தியா முழுவதற்கும் 2005-ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது. வாரிசுச் சான்றைப் பெற்று, அதிற்கண்ட அத்துணைப் பெயரும் பத்திரத்தில் உளவா என்று எண்ணிப் பார்த்தல் ஐந்து நிமிட வேலை. அவ்வைந்து நிமிடத்தைச் செலவிடாது ஐந்தாண்டு நீதிமன்றப் படியேறுவார் பலர். வாரிசுகளுள் ஒருவர் சிறுவராயின் இன்னும் விழிப்பு வேண்டும். இந்துச் சிறுவரின் சொத்தை அவர்தம் இயற்கைக் காப்பாளர்கூட நீதிமன்ற அனுமதியின்றி விற்றலாகாது என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது; விற்றிருப்பின், அச்சிறுவர் உரிய வயதெய்திய மூன்றாண்டுக்குள் அவ்விற்பனையைத் தள்ளிவிடும்படி வழக்கிடலாம்.

அடுத்து, "வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது" என்னும் பேச்சு. வில்லங்கச் சான்றானது, நாம் குறித்த காலத்துக்குள், குறித்த சர்வே எண்ணில், சார்பதிவாளர் அலுவலகத்திற் பதிவான ஆவணங்களின் பட்டியலேயாகும். பதிவாகாதது அதில் வாராது. நிலுவையிலுள்ள வழக்கு அதில் இல்லாமற் போகலாம். பதிவு செய்யப்பெறாத உயில் இல்லாமற் போகலாம். குடும்பத்தார் வாய்ச்சொல்லாற் பங்கிட்டுக்கொண்ட செய்தியும் இல்லாமற் போகலாம். வழக்கு நடக்கும்போது அச்சொத்தை வாங்கினார், அவ்வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவரே ஆவர் என்பது மேற்கூறிய 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. மேலும், சர்வே எண் உட்பிரிவு செய்யப்பட்டிருப்பின், பழைய எண்ணுக்கும் சான்று கேட்டல் வேண்டும். புதிய எண்ணுக்கு மட்டும் கேட்டால், பழைய எண்ணிற் பதிந்த அடைமானம் கண்ணிற்படாது ஒளிந்துகொள்ளும். இத்துணை வரம்பும் உடையதாயினும் வில்லங்கச் சான்றை இகழ்தல் கூடாது. இப்போது வீட்டிலிருந்தே இணைய வழியாகப் பார்க்கக் கிடைக்கும் அதனைப் பாராது வாங்குவாரை என்னென்பது!

மூன்றாவது பட்டா. "என்னிடம் பட்டாவே இருக்கிறது" என்று மார்தட்டுவார் உளர். பட்டா வருவாய்த்துறையார் தருவது. நிலவரியை யாரிடமிருந்து வாங்குவது என்பதற்காக எழுந்த பதிவின் வழிவந்தது அது. வருவாய்ப் பதிவுகள் மட்டுமே உடைமையுரிமையைத் தாரா என்பதை உச்சநீதிமன்றம் பல வழக்குகளில் எடுத்துரைத்திருக்கின்றது. பட்டா இல்லாத இடத்துக் காரணம் கேட்க வேண்டும். பட்டா இருக்குமிடத்துப் பத்திரத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பத்திரத்தில் 20 சென்ட் என்றும் பட்டாவில் 17 சென்ட் என்றும் இருத்தல் அருமையன்று. அவ்விடத்து வாங்குவார் 20 சென்ட்டுக்கு விலை கொடுத்து 17 சென்ட்டுக்கு வேலி போடுவார். எஞ்சிய மூன்று சென்ட் அடுத்தவர் தென்னந்தோப்பில் இருக்கும். அல்லது எங்குமே இராது. புலப்படம் என்னும் நில அளவைப் படத்தைப் பெற்று, சர்வேயரைக் கொண்டு கல்லளந்து பார்த்தாலன்றி இதனை அறியவொண்ணாது. நாற்பாலெல்லையைக் கல்லிற் பொறித்த முன்னோரின் பெயரர், இன்று செல்பேசியில் வந்த படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்புகின்றனர்.

"பவர் வாங்கிக்கொண்டால் போதும், பதிவுச் செலவு மிச்சம்" என்பது மற்றொரு அறிவுரை. பவர் என்று மக்கள் கூறுவது பொது அதிகாரப் பத்திரத்தை. அதனைப் பெற்றவர் உடையவரின் ஏவலாளரேயன்றி உடையவர் ஆகார். கொடுத்தவர் இறந்தால் பெரும்பாலும் அதிகாரமும் உடனிறக்கும். இத்தகைய பத்திரத்தாலும் விற்பனை உடன்படிக்கையாலும் மட்டும் உரிமை மாறிவிடாது என்று உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு அக்டோபரில், சூரஜ் லாம்ப் நிறுவனத்துக்கும் அரியானா மாநிலத்துக்கும் இடையே நிகழ்ந்த வழக்கில் தெளிவாகத் தீர்ப்பளித்தது. "பாதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள்" என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 2015-ஆம் ஆண்டு ஜூன் முதல் அசையாச் சொத்தின் விற்பனைக்கென 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதலை வருமானவரிச் சட்டம் விலக்கியது. சட்டம் ஒருபுறமிருக்க, ரொக்கமாகக் கொடுத்த பாதிக்குப் பத்திரத்திற் சான்றில்லை. விற்பனை முறிந்தால் எழுதிய பாதியே திரும்பும்.

மனைப்பிரிவுகளைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். விளைநிலத்தை வாங்கிக் கல்நட்டுத் துண்டு துண்டாக விற்பார், "பஞ்சாயத்து அப்ரூவல் உண்டு" என்று கூறிவந்தனர். நகர ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதலின்றி ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது; சென்னைப் பெருநகர்ப் பகுதியில் இப்பொறுப்பு சி.எம்.டி.ஏ.வினுடையது. இவ்வாறு அங்கீகாரமின்றி விற்ற மனைகள் நாடெங்கும் பெருகியதை நோக்கிச் சென்னை உயர்நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அவற்றின் பதிவுக்குத் தடை விதித்தது. அந்நாளில் பதிவலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் திருமணத்துக்கென மனையை விற்க முயன்றார் திகைத்து நின்றனர். 2017-ஆம் ஆண்டு அரசு வரன்முறை விதிகளை இயற்றி, 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முற்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று ஒழுங்குபடுத்த வழிசெய்தது. அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகளையும், சாலை நீங்கலான பரப்பிற் பத்திலொரு பங்கைப் பூங்கா முதலிய பொதுவெளிக்கும் ஒதுக்கித் தானப் பத்திரத்தால் உள்ளாட்சிக்கு ஒப்படைத்தல் வேண்டும். எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் பணிக்கொடைத் தொகையில் பெரும்பகுதியைக் கொடுத்து மூலைமனை ஒன்றை வாங்கினார். காற்றோட்டமுள்ளது, இருபுறமும் சாலையுள்ளது என்று கண்டார் புகழ்ந்தனர். வீடு கட்ட அனுமதி கேட்டபோதுதான், அங்கீகரிக்கப்பட்ட மூலப்படத்தில் அவ்விடம் சிறுவர் விளையாட்டிடமாகக் குறிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. விற்றவர் காட்டிய வண்ணப்படம் வேறு. அலுவலகத்திலிருந்த படம் வேறு. மூலப்படத்தை அலுவலகத்திலேயே பார்க்க வேண்டும் என்பதை அவர்க்கு அறிவுரை கூறிய பதின்மருள் ஒருவரும் சொல்லவில்லை.

2016-ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், ரெரா என வழங்குவது, இவ்வகையிற் பெருந்துணை. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்பிலோ, எட்டுக்கு மேற்பட்ட குடியிருப்புக்களாகவோ அமையும் திட்டங்களைப் பதிவு செய்யாமுன் விளம்பரம் செய்தலும் விற்றலும் கூடா. வாங்குவாரிடமிருந்து பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக்கணக்கில் வைத்து அத்திட்டத்துக்கே செலவிடல் வேண்டும். எழுத்து உடன்படிக்கையைப் பதிவு செய்யாது நூற்றுக்கு 10-க்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. இத்தகைய திட்டங்களை விற்றுத்தரும் தரகரும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். "டோக்கன் அட்வான்ஸ் இன்றே கட்டாவிட்டால் நாளை மனை கிடைக்காது" என்பாரிடம் அவர்தம் பதிவெண்ணைக் கேட்டுப் பாருங்கள். அவசரம் பெரும்பாலும் தணிந்துவிடும்.

இனி, எந்தப் பத்திரத்தாலும் நமதாகாத நிலங்களும் உள. புறம்போக்கு என்னும் சொல் வரிக்கணக்குக்குப் புறத்தே போக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஆங்கிலேயர் அதற்கு ஒத்த சொல் காணாது அச்சொல்லையே தம் பதிவேடுகளில் எடுத்தாண்டனர். மேய்க்கால், வாய்க்கால், வண்டிப்பாட்டை, களம், சுடுகாடு, குளம் எல்லாம் இதனுள் அடங்கும். ஊர்ப்பெயர்களைக் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்வகையிற் சிறிது பயன் உண்டு. தாங்கல், ஏந்தல், கண்மாய், ஊருணி, ஏரி என்று முடியும் பெயர்கள் நீர் நின்ற இடத்தைச் சொல்வன. சென்னையில் மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை இன்றும் உளது, ஏரி இல்லை. அந்நெடிய ஏரியைத் தூர்த்தே 1920-களில் தியாகராய நகரை அமைத்தனர். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்திலேயாம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடுகளுக்குட் புகுந்த நீர் வழிதவறி வந்ததன்று. தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. பத்திரம் படிக்கத் தெரியாதார்கூட ஊர்க்கிழவரை அணுகி, "மழைக்காலத்தில் இங்கே நீர் எதுவரை நிற்கும்?" என்று கேட்கலாம். இந்த ஒரு வினாவுக்கு முகவர் எவரும் விடை வைத்திருப்பதில்லை.

இவற்றினும் கருதத்தக்கது பஞ்சமி நிலம். செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் என்பார் அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலைமையைக் குறித்து 1891-ஆம் ஆண்டு எழுதிய அறிக்கையின் விளைவாக, சென்னை அரசாங்கம் 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கிற்று. அக்காலத்து அம்மாவட்டத்திற் பணிசெய்த மிஷனரிமாராகிய ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகியோரும் இதற்காக எழுதியும் வாதாடியும் உழைத்தனர். இங்ஙனம் ஒதுக்கிய நிலத்தைப் பத்தாண்டு எவர்க்கும் விற்றலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பார்க்கேயன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்பன நிபந்தனைகள். அந்நிலங்கள் பிற்காலத்துக் கடனுக்கும் அச்சுறுத்தலுக்கும் ஈடாகப் பிறர் கைப்பட்டு, பலமுறை கைமாறி, இன்று அழகிய பெயரிட்ட நகர்களாக விற்பனைக்கு வருதலும் உண்டு. "அதெல்லாம் பழைய கதை, யாரும் கேட்கமாட்டார்கள்" என்று வேப்பமர நிழலில் ஒருவர் கூறக் கேட்டோம். அவர் கூற்றைச் சட்டமும் ஏற்கவில்லை. தம் பாட்டனாரின் நிலத்தைக் காட்டி நிற்கும் பெயரரும் ஏற்கவில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் உள்ள 'அ' பதிவேட்டைப் பார்த்தால், நிலம் ஆதியில் எவ்வகையினது என்பது தெரியவரும். கோயில் நிலம், வக்பு நிலம், திருச்சபை அறக்கட்டளை நிலம் ஆகியவற்றையும் இதே கண்கொண்டு நோக்குதல் வேண்டும். அறநிலையச் சொத்தை ஆணையரின் அனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை செல்லாது என்று 1959-ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கின்றது.

நம் கல்லூரியின் பழைய மாணவருள் கடல்கடந்து வாழ்வார் பலர் ஊரில் மனை வாங்கி வைத்திருக்கின்றனர். அவர்க்கென ஒன்று கூறி இதனை முடிப்போம். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, நம் நிலத்தைப் பிறன் ஒருவன் வெளிப்படையாகவும் இடைவிடாதும் நமக்கு எதிராகவும் பன்னிரண்டு ஆண்டு கைக்கொண்டிருந்தால், அதனை மீட்கும் வழக்கு காலங்கடந்ததாகிவிடும். ஆகவே வாங்கியவுடன் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றி, நான்கு மூலையிலும் கல்நட்டு, ஆண்டுதோறும் வரி கட்டி, இரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வைத்தல் வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது ஒருநாள் மாலை அங்குச் சென்று, நட்ட கல் நான்கும் நட்ட இடத்திலேயே நிற்கின்றனவா என்று அளந்து பார்த்துவர வேண்டும். கல் நடந்து போகும் ஊர்களும் நம் நாட்டில் உள.